காலத்துக்குப் பெயரான பூ

சென்ற மாதம் நோர்வே நாட்டிலிருந்து எனக்கொரு கடிதம் வந்தது. எழுதியவர் என் பழைய மாணாக்கர். உறையைப் பிரித்தபொழுது, நான்காக மடித்த தாளினுள்ளே காய்ந்த செடித்துண்டொன்று கிடந்தது. ஐந்தாறு இலை, ஒரு பூக்காம்பு, காம்பின் நுனியில், வெண்பட்டு நூலைச் சுருட்டி வைத்தாற்போல ஒரு விதைக்கொண்டை. இலை ஒவ்வொன்றும் வேப்பம்பழத்தின் நீளந்தானும் இல்லை. மேற்புறம் கரும்பச்சை, புரட்டினால் வெண்பஞ்சு. விளிம்பெல்லாம் அலையலையாக வெட்டுண்டிருந்தது.

கடிதத்தில் இப்படி எழுதியிருந்தார்:

"ஐயா, நான் இருக்கும் ஊர் இந்நாட்டின் வடகோடி. மீன்பிடி ஊர். ஊருக்குப் பின்னே மரமில்லாத கல்மேடு. அங்கே இந்தச் செடி தரையோடு தரையாகப் படர்கிறது. ஆனி, ஆடியில் வெள்ளையாகப் பூக்கும். தாங்கள் எங்களுக்கு ஐந்திணை படிப்பித்தீர்கள். இந்த நிலம் எந்தத் திணையில் அடங்கும்? இந்தப் பூவுக்குத் தமிழில் என்ன பெயர் சொல்லலாம்?"

கேள்வி சிறியதுதான். ஆனால் அது என்னைச் சுட்டது. ஏன் சுட்டது என்பதைப் பின்னர்ச் சொல்லுவேன். முதலிற் செடியை அறிவோம்.

கல்லூரித் தாவரவியல் ஆசிரியர் ஒருவரிடம் துண்டைக் கொடுத்தேன். அவர் சில நாள் வைத்திருந்து, இனங்கண்டு, படிக்க வேண்டிய நூல்களையும் கொடுத்தார். செடியின் பெயர் 'ட்றையாஸ் ஒக்ரோபெற்றலா'. தமிழெழுத்தின் மரபுக்கு இசையத் 'திரயாசு' என்பேன். உரோசாக் குடும்பத்தைச் சேர்ந்தது. அப்பிளும் வாதுமையும், நுவரெலியாவில் விளையும் ஸ்ரோபெரியும் அக்குடும்பத்தனவே. ஒரே குடும்பத்தில் ஓங்கியவரும் ஒடுங்கியவரும் இருத்தல் உலகியல்பு. இது ஒடுங்கிய உறவு. மரத்தன்மை வாய்ந்த மெல்லிய தண்டு மண்ணை அணைத்தபடியே ஊரும். பூக்காம்பு நிமிர்ந்தாலும் ஒரு விரலளவுதான் நிமிரும். ஆயினும் செடி நூறாண்டு கடந்தும் வாழ வல்லது.

உரோசாக் குடும்பத்தின் பூக்களுக்கு இதழ் பெரும்பாலும் ஐந்து. இதற்கோ எட்டு. 'ஒக்ரோபெற்றலா' என்பதன் பொருளும் எட்டிதழ் என்பதே. சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயசு 1753ஆம் ஆண்டு தம் நூலில் இப்பெயரை நிறுவினார். அவர் 1732ஆம் ஆண்டிலேயே லப்லாந்து என்னும் வடபுலம் எங்கும் அலைந்து செடிகளைக் கண்டவர். பெயரின் முற்பகுதி சுவையானது. கிரேக்கர் புராணத்தில், ஓக் மரங்களில் உறையும் அணங்குகளுக்குத் திரயாதர் என்று பெயர். இச்செடியின் இலை ஓக் மரத்தின் இலையைச் சிறிதாக்கி வைத்தாற்போன்றது. ஆதலின் மரம் முளைக்காத நிலத்துச் செடியொன்று மரத்தெய்வத்தின் பெயரைப் பெற்றது.

இனி அது வாழுமாற்றைப் பார்ப்போம். வடதுருவத்தைச் சூழ்ந்த நாடுகளிலும், அல்ப்ஸ் முதலிய உயர்மலைகளிலும் இது வளரும். சுண்ணாம்புக்கல் நிலத்தில் இதற்கு விருப்பம் அதிகம். அயர்லாந்தின் மேற்கே பர்ரன் என்னும் சுண்ணாம்புக்கற் பரப்பில் மலையினின்றும் இறங்கிக் கடல்மட்டத்தளவும் வந்து பூக்கிறது. யாழ்ப்பாணத்துக் கல்லும் சுண்ணாம்புக்கல்லே. கல்லைக் கிளறி மண் கண்டு பயிர் செய்த நம்மவர்க்கு, கல்லிடையே வேரோட்டும் செடியின் பாடு விளங்காமற் போகாது.

பூ கிண்ணம் போன்றது. நடுவே பொன்னிறக் கேசரங்கள். சூரியன் செல்லும் திசைக்கேற்ப அது முகந்திருப்பும். வடபுலத்துக் கோடையிற் சூரியன் பல நாள் மறைவதில்லை. வானைச் சுற்றியே வருவான். பூவும் உடன் சுற்றும். கிண்ணத்தின் உட்புறம் கதிரைத் திரட்டி நடுவே குவிப்பதால், பூவினுள்ளே வெளிக்காற்றைவிடச் சில பாகை வெப்பம் கூடும். குளிரில் விறைத்த ஈயும் வண்டும் தேன் தேடி மட்டும் அங்கே வருவதில்லை, குளிர்காயவும் வரும். வந்த விருந்து மகரந்தத்தைச் சுமந்து செல்லும். விருந்தோம்பலிற் பயனும் உண்டு என்பதைச் செடியும் அறியும் போலும்!

இதழ் உதிர்ந்தபின் விதை ஒவ்வொன்றிலும் ஓர் இறகு வளரும். ஈரநாளில் இறகுகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு சடைபோல் நிற்கும். வெயிலும் காற்றும் வாய்த்தால் முறுக்கவிழ்ந்து பறக்கும். என் கைக்கு வந்தது முறுக்கவிழாத கொண்டை.

ஐஸ்லாந்து மக்கள் 2004ஆம் ஆண்டு வாக்களித்து இப்பூவைத் தம் நாட்டுப் பூவாகத் தெரிந்தெடுத்தார்கள். அவர்கள் மொழியில் இச்செடிக்கு ஒரு பெயர் போதவில்லை. பூவுக்கு ஒரு பெயர். இலைக்கு வேறு பெயர். பனிநிலத்து வெண்கௌதாரி உண்ணும் இலை என்பது அதன் பொருள். விதைக்கொண்டைக்கு மூன்றாவது பெயர். தமிழாக்கினால் 'கூந்தற்பாவை' என்னலாம். அரும்பு, முகை, போது, மலர், அலர், வீ, செம்மல் என்று ஒரு பூவின் பருவந்தோறும் பெயர் வைத்த மொழியை உடையோம் நாம். அவ்வாறு பெயர் வைப்பவர் எத்தகையோர் என்பது நமக்குத் தெரியும். அவர்கள் நாள்தோறும் பார்த்தவர்கள்.

இனி, இச்சிறு செடி காலத்துக்குப் பெயரான கதைக்கு வருகிறேன்.

1870ஆம் ஆண்டளவில், சுவீடனின் தென்கோடியாகிய ஸ்கானியாவில், அல்பிரெட் நாத்தோர்ஸ்ட் என்னும் இளைஞர் களிமண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். அவருக்கு அப்பொழுது இருபது வயதளவு. களிமண்ணில் அவர் கண்டவை வடதுருவச் செடிகளின் இலைகள். தெற்கே, வயலும் மரமும் செழித்த நாட்டில், பனிநாட்டுச் செடியின் இலை எப்படி வந்தது? ஒரு காலத்தில் அந்நிலமும் பனிநாடாயிருந்தது என்பதன்றி வேறு விடை இல்லை. பின்னர் டென்மார்க்கில் கொப்பன்கேகன் நகரின் வடக்கேயுள்ள அலறொட் என்னும் ஊரிற் செங்கல்லுக்காகக் களிமண் வெட்டிய குழியொன்றை, ஹாற்ஸ், மில்தேர்ஸ் என்னும் இருவர் ஆராய்ந்து 1901ஆம் ஆண்டு எழுதினார்கள். அங்கே மண் அடுக்கடுக்காக இருந்தது. கீழே திரயாசு இலை கிடந்த களிமண். அதன்மேல், பேர்ச் மரங்களின் எச்சம் நிறைந்த கருஞ்சேறு. அதன்மேல் மறுபடியும் திரயாசு இலை கிடந்த களிமண்.

இம்மூன்று அடுக்கும் ஒரு வரலாறு சொல்கின்றன. குளிர் இருந்தது, குளிர் நீங்கி மரம் வந்தது, பின்னர் மரம் மடியக் குளிர் மீண்டது. திரயாசு நிழல் பொறாத செடி. அதன் இலை கிடக்கும் அடுக்கின் காலத்தில் அங்கே காடு இருந்திருக்க இயலாது. சிறிய இலையாயினும் தோல்போலத் தடித்தது. பனியுருகிய நீர் அதனை ஏரிக்கு அடித்துச் சென்றது. ஏரியின் அடிச்சேறு காற்றுப் புகாமற் காத்தது. இவ்வாறு ஒரு செடியின் உதிர்ந்த இலை, ஒரு காலத்தின் சான்றாயிற்று.

ஆதலின் அறிஞர் அக்குளிர்காலங்களுக்கு அச்செடியின் பெயரையே இட்டார்கள். மூத்த திரயாசு, இளைய திரயாசு என வழங்கினார்கள். இளைய திரயாசு ஏறக்குறைய 12,900 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 11,700 ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. வட அமெரிக்கப் பனிப்பாளம் உருகிய நன்னீர் அத்திலாந்திக் கடலிற் கலந்து, தெற்கிலிருந்து வெப்பத்தைச் சுமந்து சென்ற நீரோட்டத்தைத் தளர்த்தியதே அக்குளிருக்குக் காரணம் என்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் கொள்கை. அது முடிந்த விதமே நம்மை நடுக்குவது. கிறீன்லாந்தின் பனிப்பாளத்தில், ஆண்டுக்கு ஓர் அடுக்காகப் பனி படிந்திருக்கிறது. அடுக்குகளை எண்ணிப் பார்த்தபொழுது, அங்கே ஏறக்குறைய 10 பாகை வெப்பம் சில பத்தாண்டுகளுள் ஏறியது தெரியவந்தது. பாட்டன் கண்ட நாட்டைப் பேரன் காணவில்லை என்று சொல்லும்படியான மாற்றம் அது. நாம் வாழும் ஊழியின் தொடக்கத்தை, 2008ஆம் ஆண்டு புவியியலாளர் அந்த முடிவிலேயே நிறுத்தினார்கள்.

அந்நாளில் நம் நாடு எப்படியிருந்தது? பனியுகத்தின் உச்சத்தில், ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் இன்றைக்கு 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தது. இளைய திரயாசின் காலத்திலும் அது பல பத்து மீற்றர் தாழ்ந்தே இருந்தது. பாக்குநீரிணையோ ஆழமற்றது. எனவே டென்மார்க்கின் ஏரியில் அந்த இலைகள் விழுந்துகொண்டிருந்த நாள்களில், இராமேசுவரத்துக்கும் மன்னாருக்கும் இடையே கடல் இல்லை, கால்நடையாக வரலாம். தென்னாசியாவின் பருவமழையும் அக்காலத்தில் நலிந்தது என்பதற்குக் குகைகளிற் சொட்டி இறுகிய சுண்ணாம்புப் படிவுகள் சான்று பகர்கின்றன. வடக்கே பூத்த பூவுக்கும் நம் வானத்துக்கும் இவ்வாறு ஒரு தொடர்பு இருந்தது.

இதனைப் படித்தபொழுது நூலை மூடிவைத்துச் சிறிது நேரம் இருந்தேன். முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் என்று தொல்காப்பியர் வகுத்தார். மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி, காடு முல்லை, வயல் மருதம், கடற்கரை நெய்தல். எல்லாம் செடியின் பெயர்; மரத்தின் பெயர். போரின் வகைகளுக்கும் வெட்சி, வஞ்சி, தும்பை, வாகை என்று பூவின் பெயரே இட்டார்கள். ஆயினும் பொழுதுக்கு நாம் பூவின் பெயர் இடவில்லை. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்றோம். மேலைநாட்டார் காலத்துக்கே பூவின் பெயரை இட்டு, இளவேனில் முதுவேனில் என நாம் பகுத்ததுபோல இளையது மூத்தது என்றும் பகுத்தார்கள். தொல்காப்பியத்தை அவர்கள் அறியார். மண்ணையும் இலையையும் நெருங்கிப் பார்த்தவர் எந்நாட்டவராயினும் ஒரே வழிக்கு வந்து சேருகிறார்கள்.

பாலையை எண்ணினால் ஒற்றுமை இன்னும் நெருங்கும். பாலைக்கெனத் தனி நிலம் இல்லை. மழை பொய்த்து வெயில் முதிர, முன்னிருந்த மலையும் காடும் தம் இயல்பிழந்து பாலையாகும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. அலறொட்டின் அடுக்கும் அதனையே சொல்கிறது. பேர்ச் மரம் நின்ற அதே நிலம் குளிர் முதிரத் திரயாசு நிலமாயிற்று. அது குளிர்ப் பாலை.

இப்பொழுது, முன்னே சொல்லாமல் வைத்ததைச் சொல்லுகிறேன்.

ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், போர் நடந்துகொண்டிருந்த நாளில், நான் ஐந்திணை படிப்பித்துக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் ஐந்து கட்டம் கீறினேன். தெய்வம், உணா, மா, மரம், புள், பறை, செய்தி, யாழ் என ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். பிள்ளைகள் பார்த்தெழுதினார்கள். பின்வாங்கிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"ஐயா, குறிஞ்சிப் பூ என்ன நிறம்?"

எனக்குத் தெரியாது. பண்டிதப் பரீட்சையில் தேறியவன் நான். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கினார் என்பதை வகுப்புத்தோறும் சொல்லுபவன். அந்தத் தொண்ணூற்றொன்பதில் எத்தனை பூவை என் கண் கண்டது? தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"பரீட்சையில் அதைக் கேட்கமாட்டார்கள். இரும்" என்றேன்.

வகுப்புச் சிரித்தது. பையன் இருந்துவிட்டான். அடுத்த ஆண்டு அவனுடைய இடம் வெறுமையாயிற்று. நோர்வேயின் வடகோடியில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த மாமனார் ஒருவர் அழைத்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். அந்தப் பையன்தான் இப்பொழுது நாற்பது வயது கடந்தவராகி எனக்குச் செடி அனுப்பியிருப்பவர். கடிதத்தில் அந்நாளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. கேள்வி கேட்கும் இயல்பை நான் அவரிடத்தில் அழித்துவிடவில்லை என்பதே எனக்குக் கிடைத்த ஆறுதல்.

அவருக்கு விடை எழுத உட்கார்ந்தேன். முதலில், 'பாலைத்திணை' என்று எழுதினேன். பாலையின் உரிப்பொருள் பிரிவு. ஊரைப் பிரிந்தவர்க்குப் பொருந்தும் அன்றோ? விடை அழகாகத்தான் இருந்தது. ஆனால் எழுதியதை அடித்துவிட்டேன். அவர் எனக்குத் தம் துயரத்தை எழுதவில்லை; ஒரு செடியை அனுப்பியிருந்தார். பிரிவு என்பது நான் அவர்மேல் ஏற்றிய பொருள்.

அந்தச் செடியைப் பற்றி நான் படித்தது வேறு. பனிப்பாளம் பின்வாங்கிச் செல்லும் இடத்தில் வெறும் பரற்கல்லே எஞ்சும். அங்கே முதலிற் குடியேறும் செடிகளுள் இவ்வினமும் ஒன்று. அலாஸ்காவில், பனியாறு விட்டகன்ற விரிகுடாக் கரையில், இதன் மஞ்சட்பூ உடன்பிறப்பொன்று பாய்விரித்தாற்போலப் படர்கிறது. அதன் வேரில் ஒட்டி வாழும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைதரசனை மண்ணுக்கு உரமாக்கித் தருகிறது. பின்வரும் மரங்கள் அந்த உரத்தில் எழும். எழுந்த மரத்தின் நிழலில், முன்வந்த செடி மறையும். வந்தேறிய செடி வெறுங்கல்லை நிலமாக்குகிறது. இதற்கு இரங்கல் என்றோ பிரிதல் என்றோ உரிப்பொருள் சொல்லிவிடலாமா? தொல்காப்பியர் காணாத நிலம் அது. நானும் காணாத நிலம்.

ஆகவே இப்படி எழுதினேன்:

"தம்பி, அந்த நிலத்துக்குத் திணை சொல்லும் தகுதி எனக்கில்லை. அங்கே வாழ்பவர் நீர். அச்செடி என்று தளிர்க்கிறது, எந்தப் பறவை அதனை உண்கிறது, அது பூக்கும் நாளில் ஊரவர் என்ன தொழில் செய்கிறார்கள், உம் மனம் எப்படியிருக்கிறது என்பவற்றைப் பாரும். அவைதாம் கருவும் உரியும். பார்த்தபின் பெயரை நீரே வையும். எனக்கு எழுதும், நான் வகுப்பிற் சொல்லுகிறேன். இன்னொன்று. குறிஞ்சிப் பூ நீலநிறம். ஊதா கலந்த நீலம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலை முழுவதும் பூக்கும். நீலகிரியில் 2006ஆம் ஆண்டிலும் 2018ஆம் ஆண்டிலும் பூத்தது. இதனை நான் அன்றே தேடிச் சொல்லியிருக்க வேண்டும்."

நீலநிறம் என்பதையும் நான் படத்திலேதான் கண்டேன். அதனையும் மறைக்காமல் எழுதினேன்.

நம் மலைநாட்டிலும் குறிஞ்சியின் இனத்துச் செடிகள் பல உண்டு. சிங்களத்தில் நெலு என்பார்கள். ஓட்டன் சமவெளியில் அவை அடர்ந்து நிற்கின்றன. வரும் விடுமுறையில் என் வகுப்பை அங்கே அழைத்துச் செல்ல அதிபரிடம் ஒப்புதல் பெற்றிருக்கிறேன். அது பூக்கும் ஆண்டாக இல்லாமற் போகலாம். இலையையாவது பார்ப்போம். இலையைப் பார்த்தே ஒரு காலத்தை அறிந்தவர் உண்டு என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

நோர்வேயிலிருந்து வந்த செடித்துண்டை ஒரு கண்ணாடிச் சட்டத்தில் அடைத்து, வகுப்புச் சுவரில், ஐந்திணை அட்டவணைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். அடியிற் பெயர் எழுத இடம் விட்டிருக்கிறது. நேற்றொரு மாணவி அதன்முன் நின்று, "ஐயா, இது உயிரோடு இருக்கும்போது மணக்குமா?" என்று கேட்டாள்.

"தெரியாது, பிள்ளை. கேட்டெழுதுவோம்" என்றேன்.